ஊருக்கே காமாலை

அத்தியாயம் 4

முதலாளி ராஜரத்தினத்துக்குக் காமாலை என்று மெஷின் சொன்னபோது யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மனிதர் அந்த வாரம் முழுக்கக் கல்யாண வீடுகளாக ஏறி இறங்கியவர். வாட்ச்மேனுக்கும் காமாலை என்றது. அவர் குடிக்கிற குடிக்கு அது நியாயம்தான் என்றார்கள். பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்ட, ஒருத்தி பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் காமாலை. கடைசியில் எவளோ ஒரு குறும்புக்காரி மேஜைமேல் கிடந்த வெள்ளைத் துண்டில் மெஷினின் பட்டையைச் சுற்றிப் பார்க்க, துண்டுக்கும் காமாலை முற்றிப்போய்விட்டது, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் என்று மெஷின் சிவப்பு விளக்குப் போட்டுக் கத்தியது.

அதற்குப் பிறகுதான் ராஜரத்தினம் வஞ்சுளவல்லிக்குப் போன் போட்டார்.

வஞ்சுளவல்லியை ராஜபாளையத்து மில்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேருக்குப் பிடிக்காது. இன்சூரன்ஸில் சர்வேயராக இருந்தவள். பஞ்சு விலை இறங்கும் சீசனில் இந்த ஊர்க் குடோன்களுக்குத் தானாகத் தீப்பிடிக்கும் வழக்கம் உண்டு. அவள் வந்து சாம்பல் ஓரமாக நின்று, 'பஞ்சு எரிஞ்சது சரி, உள்ள பஞ்சு இருந்துச்சா?' என்று மெதுவாகக் கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே அவளை ஊர் ஊராக மாற்றினார்கள். வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு, போலீஸுக்குப் போக வெட்கப்படுகிறவர்களுக்குத் துப்பறிந்து கொடுக்கிறாள்.

அவளுடைய பழைய மாருதியை ஓட்டுகிறவன் பாண்டி. வத்திராயிருப்பு ரூட்டில் மினி பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட்டைக் கிழிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் பயணிகளையும் சேர்த்துக் கிழித்ததில் வேலை போனது. இப்போது பதவி அசிஸ்டென்ட். சம்பளம் வரும்போது வரும்.

"யக்கா, துண்டுக்குக் காமாலைன்னா கீழாநெல்லியத் துண்டுக்கு அரைச்சுக் குடுப்பாங்களா, துண்டைக் கீழாநெல்லில முக்குவாங்களா?" என்று அவன் கம்பெனி கேட்டுக்குள் காரை நுழைத்தபடி கேட்டான்.

"உள்ள போனதும் வாயை மூடிண்டு இரு" என்றாள் வஞ்சுளவல்லி. அவள் ஊர்ப்பேச்சுத்தான் பேசுவாள். பதற்றமோ கோபமோ வந்தால் மட்டும் அக்கிரகாரம் எட்டிப் பார்க்கும். இன்றைக்குக் காலையிலேயே எட்டிப் பார்ப்பது நல்ல சகுனமாகப் பாண்டிக்குப் படவில்லை.

ராஜரத்தினத்தின் அறை முழுக்க அவருடைய பெருமை தொங்கியது. அவர் மந்திரிக்குச் சால்வை போடும் படம், அவருக்கு மந்திரி சால்வை போடும் படம், இருவரும் மாறி மாறிப் போட்டுக்கொள்ளும் படம். நடுநாயகமாக ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் இந்தக் கம்பெனித் தறியில் முதன்முதலாக இறங்கிய பேண்டேஜ் துணிச் சுருள், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சந்தன மாலை போட்டு வைக்கப்பட்டிருந்தது.

"பேண்டேஜ் போட்டுப் பொழச்ச குடும்பம்மா நாங்க. அடுத்தவன் காயத்துலதான் எங்க சோறு" என்று ஆரம்பித்தார் ராஜரத்தினம். வழக்கமாகப் பெருமையாகச் சொல்லும் வசனம். இன்று சுரத்தில்லை. அவருக்குப் பின்னால், அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு, அவருடைய தங்கை மகன் பிரேம்குமார் நின்றான். கம்பெனிக்கு ஜெனரல் மேனேஜர். வெளிநாட்டில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்ததை வாரத்துக்கு ஏழு நாளும் நினைவுபடுத்துகிறவன்.

விஷயம் இதுதான். பிறந்த குழந்தைக்குக் காமாலை இருக்கிறதா என்று பார்க்க, குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். பிள்ளை வீறிட்டு அழும், பெற்றவளும் கூட அழுவாள். ஊசியே இல்லாமல், காலில் ஒரு பட்டையைச் சுற்றினால் போதும் என்று ஆக்கிக் காட்டியவள் ஜெபா. இதே ராஜபாளையத்துப் பெண். பெங்களூரில் ஆராய்ச்சி முடித்துவிட்டு வந்து, ஒரு அறை கொடுங்கள், செய்து காட்டுகிறேன் என்று கேட்டாள். ராஜரத்தினம் கொடுத்தார். அதை மறுக்க முடியாது.

பட்டையில் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கிற கண். ஆனால் கண்ணாடியாலும் சில்லுகளாலும் ஆன கண் இல்லை. மை மாதிரிப் பூசி உலர்த்திய கார்பன் சரக்கு. அதற்கு மின்சாரம் எடுக்க மேலே ஒரு உலோகப் பூச்சு வேண்டும், அதே பூச்சு வழியாக வெளிச்சமும் உள்ளே போக வேண்டும். ஜெபா வெள்ளியைப் பூசினாள், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக. மடக்கினாலும் விரிசல் விடாது. பிள்ளை காலை உதைத்தாலும் கூடவே வளையும். பட்டை நீல வெளிச்சத்தைத் தோலில் அடிக்கும், தோலில் மஞ்சள் இருந்தால் அது நீலத்தைத் தின்றுவிடும். தின்றது போக மிச்சம் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தால் காமாலை தெரிந்துவிடும்.

"வெள்ளின்னா எம்புட்டு வெள்ளி சார் இருக்கும்?" என்று பாண்டி கேட்டான்.

"ஒரு கொலுசை உருக்கினா விருதுநகர் ஜில்லாவுக்கே பட்டை போடலாம். அதனால வெள்ளிக்காக யாரும் எடுக்கல" என்றான் பிரேம்குமார். "இது கார்ப்பரேட் திருட்டு."

அவனுடைய கதை தயாராக இருந்தது. நேற்று மத்தியானம் வரை வேலை செய்த பட்டை இன்று காலை உளறுகிறது. ஆக இது அந்தப் பட்டையே இல்லை. நல்லதை எடுத்துவிட்டு உதவாததை வைத்துவிட்டார்கள். பட்டை இருக்கும் அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று ஜெபாவிடம், ஒன்று மாமாவிடம். போன வாரம் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று ஜெபாவுக்குப் போன் செய்து வேலைக்குக் கூப்பிட்டது ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

"என் பொருளை நானே திருடுவேனா? அப்ப மிச்சம் யாரு?" என்றார் ராஜரத்தினம்.

"ரெண்டுல ஒண்ணு போனா ஒண்ணு. கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றான் பாண்டி. வஞ்சுளவல்லி அவனைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த மந்திரியைப் பார்த்தான்.

சாயங்காலம் மதுரையிலிருந்து குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா தன் ஆட்களோடு பட்டையைப் பார்க்க வருகிறார். அதற்குள் நல்ல பட்டை கிடைக்காவிட்டால் ஜெபாமீது போலீஸில் புகார். எழுதி டைப் அடித்தாகிவிட்டது, கையெழுத்துத்தான் பாக்கி. காலையில் பேக்கிங் பெண்கள் எல்லோரையும் நிற்கவைத்து, அவர்கள் நடுவில் ஜெபாவைப் பார்த்து, உப்புப் போட்ட வீட்டிலேயே திருடிவிட்டாய் என்று ராஜரத்தினம் சொல்லியும் ஆகிவிட்டது. இப்போது அவளை அக்கவுண்ட்ஸ் ரூமில் உட்காரவைத்திருந்தார்கள். அடைத்து வைத்ததாக யாரும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

வஞ்சுளவல்லி தாழ்ப்பாளை நீக்கிவிட்டு உள்ளே போனாள். ஜெபாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அழுது முடித்துவிட்டு, அழுததற்காகத் தன்மேலேயே எரிச்சலாக இருக்கிற முகம்.

"பட்டையைப் பாத்தியாம்மா?"

"தொடவே விடல மேடம். தொட்டா ஆதாரத்தை அழிச்சுருவேனாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ரெண்டு வருசம் அந்த ரூம்லயேதான் கெடந்தேன். போலீஸ்ல பேரு ஏறிருச்சுன்னா பொறவு எந்த ஆஸ்பத்திரியும் நான் செஞ்சத ஒரு பிள்ளை கால்ல கட்டாது. அது போலிப் பட்டையாவே இருக்கட்டும். நிறம் காட்டிப் பாத்தாங்களான்னு மட்டும் கேளுங்க."

வஞ்சுளவல்லி கேட்கவில்லை. நேரே ராஜரத்தினத்தின் அறைக்குத் திரும்பி, பட்டையை மேஜையில் விரிக்கச் சொன்னாள். ஒரு சாண் நீளத்துக்குக் கரு ஊதா நிறத்தில் ஒரு நாடா. அதிலிருந்து ஒரு வயர் மெஷினுக்குப் போனது. வெளிச்சம் பட்டால் மெஷினில் எண் ஏறும். பாண்டியின் போனை வாங்கி, திரை முழுக்கச் சிவப்பாக்கிப் பட்டைமேல் காட்டினாள். எண் விறுவிறுவென்று ஏறியது. பச்சை காட்டினாள், ஏறியது. நீலம் காட்டினாள். எண் படுத்துக்கொண்டது.

"செத்துப்போன சென்சார்னா எல்லா நிறத்துக்கும் செத்துருக்கணும்" என்றாள். "இது நீலத்துக்கிட்ட மட்டும் கோவிச்சுண்டிருக்கு. இது போலி இல்லை சார். உங்க பட்டையேதான். கண் நல்லாருக்கு. கண்ணுக்கு முன்னால எதுவோ நின்னுண்டு நீலத்தைச் சாப்பிடறது."

"நீலத்தைச் சாப்பிடுறது மஞ்சள்தானே யக்கா" என்ற பாண்டி, காமாலைக் கண்ணைப் பற்றி ஊரெல்லாம் சொல்லும் அந்த வசனத்தை எடுத்துவிட வாயைத் திறந்தான். அவள் விரலை உயர்த்தினாள். மூடிக்கொண்டான்.

பட்டை ஊதாவாக இருந்ததால் அதன்மேல் எது ஒட்டியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் அது இருந்த உறையைக் கேட்டு வாங்கினாள். ஈரம் பட்டால் பட்டை வீணாகிவிடும் என்பதால் ஜிப் வைத்த வெள்ளி நிற உறை, உள்ளே ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலங்கள். அதைக் கவிழ்த்துத் தட்டினாள். பொட்டலங்களோடு ஒரு இலை விழுந்தது.

துளசி. பாண்டி எடுத்து விரலில் நசுக்கினான். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"பழசு யக்கா. எப்பவோ விழுந்துருக்கு."

"பழசுன்னா கறுத்திருக்கும். இது பச்சையா இருக்கு, ஆனா மொறுமொறுன்னு இருக்கு. நேத்துப் பறிச்ச இலையோட ஈரத்தை இந்தப் பொட்டலம் ராத்திரியோட ராத்திரியா உறிஞ்சிருக்கு."

பட்டை நேற்றுத் தன் அறையை விட்டு வெளியே உலாப் போய்விட்டு வந்திருக்கிறது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நேற்று மாலை கம்பெனியிலிருந்து எந்த வண்டி போனது என்று கேட்டாள். ஒரே ஒரு வண்டிதான், சின்ன முதலாளியின் கறுப்புக் கார், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் திரும்பியது என்றார் அவர். உள்ளே யார் இருந்தது? கறுப்புக் கண்ணாடி ஒட்டிய காருக்கு சல்யூட் அடிக்க முடியும், எட்டிப் பார்க்க முடியுமா என்று திருப்பிக் கேட்டார்.

பிரேம்குமாரின் முகம் மாறியது. நான் ஜிம்மில் இருந்தேன் என்றான். கார் சாவி எப்போதும் ஆபீஸ் ஆணியில்தான் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றான். யாரும் கேட்காமலே மூன்று தடவை சொன்னான்.

காரின் பின் சீட்டில் பாதி தீர்ந்த பால்கோவா டப்பா ஒன்று கிடந்தது. வஞ்சுளவல்லி அதன் மூடியில் அச்சடித்திருந்த கடைப் பெயரைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பாண்டி டப்பாவுக்குள் விரலை விட்டுவிட்டான்.

"ஏலே, அது சாட்சி."

"சாட்சிய விசாரிக்கேன் யக்கா." நாக்கில் புரட்டிப் பார்த்தான். "நேத்துச் சாயங்காலம் கிண்டுனது. சீனி இன்னும் பூக்கல. ஏன் சார், நீங்க இதுல எம்புட்டுச் சாப்பிட்டீங்க?"

"நான் சுகர் தொட்டு ஒரு வருஷம் ஆச்சு" என்றான் பிரேம்குமார். இந்த ஊர்க்காரன் சொல்லக்கூடிய பொய்களில் இதுதான் மோசமான பொய் என்று பாண்டி நினைத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழி முழுக்க அவன் வழக்கை முடித்தே விட்டான். மருமகன் பட்டையைத் திருடி விலை பேசக் கொண்டு போயிருக்கிறான், பேரம் படியவில்லை, திருப்பி வைத்துவிட்டு ஜெபாமேல் பழியைப் போட்டுவிட்டான். மேற்கே மலை கூடவே வந்தது. கோபுரம் கண்ணில் பட்டதும் வஞ்சுளவல்லி கையைக் குவித்துக்கொண்டாள்.

கடை, கோயில் பக்கத்துப் பெரிய கடைகளில் ஒன்று இல்லை. பின் தெருவில், ஒரு சின்னக் கிருஷ்ணன் கோயிலை ஒட்டி இருந்தது. கல்லாவில் அழகுத்தாய் என்ற அம்மாள் உட்கார்ந்து, வாங்கும் ஒவ்வொரு நோட்டையும் கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கில் காட்டிக் காட்டி உள்ளே போட்டாள். பாண்டி நீட்டிய நோட்டை இரண்டு தடவை காட்டினாள்.

கறுப்புக் காரை நினைவிருந்தது. கடைவாசலை மறித்து நிறுத்தினால் நினைவிராமல் என்ன? வந்தவர் முதலில் கோயிலுக்குள் போய்விட்டுப் பிறகுதான் கோவா வாங்கினார். ஆள் எப்படி இருந்தார் என்பது மட்டும் தெரியவில்லை.

"நான் நோட்டப் பாப்பனா, அவிய மூஞ்சியப் பாப்பனா?" என்றாள். "வேட்டி சட்டைதான். இங்க யாருதான் வேட்டி சட்டை இல்ல."

வஞ்சுளவல்லி அவளுடைய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கடியில் அழகுத்தாயின் விரல் நகங்கள் பச்சை மஞ்சளாக மினுங்கின. சாயங்காலத்துக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி விளக்கை இரவல் கேட்டாள். இரவல் கொடுக்கும் வழக்கம் கடையில் இல்லை என்றாள் அழகுத்தாய். இரண்டு கிலோ பால்கோவா வாங்கிய பிறகு வழக்கம் வந்தது.

கிருஷ்ணன் கோயில் அர்ச்சகர் ஹயக்ரீவன் வஞ்சுளவல்லிக்குப் பெரியப்பா மகன். அவளைப் பார்த்ததும், சேவிக்க வந்தாயா துப்பறிய வந்தாயா என்று கேட்டார். இரண்டும் என்றாள். சந்நிதிக்கு வந்தவர்களின் பெயரைக் கலெக்டர் கேட்டாலும் சொல்வதில்லை என்று அவர் தட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

"வந்தவா பேர் வேண்டாம் அண்ணா. அர்ச்சனை யார் பேருக்குன்னு மட்டும் சொல்லுங்கோ. ஒரு பொண்ணைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறா."

அவர் துடைப்பதை நிறுத்தினார். அதை மறக்க முடியாது என்றார். ஒரு பெரிய மனுஷர் வந்து, ஊதா நாடா மாதிரி எதையோ பேண்டேஜ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பெருமாள் திருவடியில் வைக்கச் சொன்னார். கல்யாணப் பத்திரிகையாக்கும் என்று இவரும் வைத்தார். துளசியோடு திருப்பிக் கொடுத்ததும், வந்தவரே அதன் நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டார். பிறகு அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டால், தெரியாது என்கிறார். கோத்திரம் கேட்டால், அது கிறிஸ்தவப் பிள்ளை சாமி, கோத்திரத்துக்கு எங்கே போவது என்கிறார்.

"பேரு ஜெபா. பிள்ளை நன்னாருக்கணும், கை வச்சது விளங்கணும்னு சொன்னார். கிருஷ்ணனோட நட்சத்திரம் ரோகிணி, அதையே போட்டுப் பண்ணிட்டேன். தப்பா?"

"ரொம்பச் சரி அண்ணா" என்றாள் வஞ்சுளவல்லி. அவள் குரல் இறங்கிப் போயிருந்தது.

காரில் ஏறியதும் பாண்டி தன் வழக்கை மாற்றிக்கொண்டான். இது காதல் விவகாரம். கோட்டுப் போட்ட மருமகன் ரகசியமாக ஜெபாவை விரும்புகிறான், அவள் பெயருக்கு அர்ச்சனை செய்கிறான், அவள் சம்மதிக்காததால் பழிவாங்குகிறான். அவன் சொல்லி முடிக்கும்வரை வஞ்சுளவல்லி காத்திருந்தாள்.

"கோட்டுக்காரனுக்கு மூலைக்கு மூலை மஞ்சள் வைக்கத் தெரியுமாடா?" என்றாள். "வேகமா ஓட்டு. கையெழுத்துப் போட்டுடப் போறார்."

ராஜரத்தினம் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மதுரைக் கார் திருமங்கலம் தாண்டிவிட்டது என்று போன் வந்திருந்தது. வஞ்சுளவல்லி ஜெபாவையும் பேக்கிங் பெண்களையும் அந்த அறைக்கே வரவழைத்தாள். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, நீல விளக்கைப் போட்டு, பட்டைமேல் பிடித்தாள்.

ஊதா நாடாவின் நாலு மூலையிலும் நாலு வட்டங்கள் பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தன. துடைத்த தடம் நாடா முழுக்க இழுபட்டுக் கிடந்தது.

"மஞ்சள்" என்றாள். "இந்த வெளிச்சத்துல மின்னும். அதுதான் நீலத்தை முழுங்கினது. வச்ச கையிலயும் மின்னும். எல்லாரும் கையைக் காட்டுங்கோ."

பிரேம்குமார் தான் முதலில் காட்டுவதாக முன்வந்தான். பாண்டி ஆவலோடு எட்டிப் பார்த்தான். ஒரு பொட்டு மினுக்கம் இல்லை. அடுத்து வாட்ச்மேன், மினுங்கினார். பேக்கிங் பெண்கள் பத்து விரலும் மினுங்கினார்கள். ஜெபாவும் மினுங்கினாள். பாண்டி சும்மா தன் கையை நீட்டிப் பார்த்து, தானும் மினுங்குவதைக் கண்டு சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டான்.

"பிரமாதம். மொத்த ஊரும் குற்றவாளி" என்றான் பிரேம்குமார்.

"மத்தியானம் சாம்பார்ல கை வச்சவா எல்லாரும் மின்னத்தான் செய்வா. நீங்க ஸ்பூன்ல சாப்பிடற ஆளு, சர்க்கரையும் நெஜமாவே தொடறதில்லை. ராஜபாளையத்துல சந்தேகமே பட முடியாத ஒரே ஆசாமி நீங்கதான்." வஞ்சுளவல்லி விளக்கை அணைத்தாள். "கையை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. பழக்கத்தை வச்சுத்தான் முடியும். புதுச் சரக்கு இறங்கினா நாலு மூலையில மஞ்சள் வைக்கறது இந்த அறையில யாரோட பழக்கம்?"

பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜரத்தினம் பொய் சொல்லவில்லை. அதுதான் பாண்டியை உலுக்கிவிட்டது. நிஜமாகவே விளங்காத முகம் அது.

"என் கார் ஒர்க்‌ஷாப்ல நின்னுச்சு. அதான் மாப்பிள்ளை காரை எடுத்துட்டுப் போனேன்" என்றார். "திரும்பி வந்து வேட்டியால நல்லாத் துடைச்சுட்டுத்தானம்மா உள்ள வச்சேன். அந்தப் பிள்ளை சுத்தம் சுத்தம்னு உயிர எடுக்குமே."

"காலைலேர்ந்து இதை ஏன் சொல்லலை?"

"யாரும்மா கேட்டா? கோயிலுக்குப் போனது ஒரு விசயமா? சாமி கால்ல வச்ச மஞ்சள் எப்படிம்மா கெடுக்கும்?"

"மஞ்சள் கெடுக்கும்னு தோணலை. ஆனா இந்தப் பொண்ணு திருடியிருப்பாங்கறது மட்டும் ஒடனே தோணிடுத்து." அக்கிரகாரம் முழுசாக வெளியே வந்துவிட்டது. "நேத்து சாயங்காலம் அவ பேர்ல அர்ச்சனை. இன்னிக்கு அவ பேர்ல புகார். பெருமாள் இதுல எதைக் காதுல வாங்கிப்பார் சார்?"

ஜெபா சரேலென்று நிமிர்ந்தாள். அர்ச்சனை அவளுக்குப் புதுச் செய்தி. ராஜரத்தினம் அவளைப் பார்க்க முடியாமல் பேனாவின் மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

நன்றியா ஆத்திரமா என்று முடிவு செய்ய ஜெபாவுக்கு நேரமில்லை. பேண்டேஜ் கம்பெனியில் ஸ்பிரிட்டுக்குப் பஞ்சமில்லை. மஞ்சள் தண்ணீரில் போகாது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்று சொல்லியபடியே பஞ்சை நனைத்து, ஓரத்து இணைப்பில் படாமல், நூல் பிடித்த மாதிரி துடைத்தாள். மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் படலம் வெள்ளியைக் காப்பாற்றியிருந்தது. பாண்டி போனில் நீலத்தைக் காட்டினான். எண் குதித்து ஏறியது. பேக்கிங் பெண்களில் யாரோ விசிலடித்தார்கள்.

வாசலில் கார் வந்து நின்றது. டாக்டரம்மா, கூட நாலைந்து பேர். ராஜரத்தினம் ஒரு நொடியில் பழைய ராஜரத்தினமாகிவிட்டார். சால்வை போட்டார். பேண்டேஜ் போட்டுப் பிழைத்த குடும்பம் என்ற வசனத்தைச் சுரத்தோடு சொன்னார். புகார்க் காகிதம் எப்போது மேஜையிலிருந்து மறைந்தது என்று பாண்டிக்கே தெரியவில்லை. பேக்கிங் பெண்களை வெளியே போகும்படி பிரேம்குமார் கண்ணைக் காட்டினான்.

"அவங்க இருக்கட்டும் சார்" என்றாள் ஜெபா. "காலைல இருந்தவங்க எல்லாரும் இருக்கணும்."

பட்டையை எடுத்து ராஜரத்தினத்தின் மணிக்கட்டில் சுற்றினாள். அவர் பெருமையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் ஸ்விட்ச்மேல் விரலை வைத்தாள். அழுத்தவில்லை.

"டாக்டர், இத ஆன் பண்றதுக்கு முன்னால முதலாளி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னாங்க."

டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். காலையில் ஒரு சின்னத் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டது என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார் ராஜரத்தினம். ஜெபாவின் விரல் அசையவில்லை. கடவுள் கிருபையால் எல்லாம் சரியாகிவிட்டது என்றார். விரல் அசையவில்லை. எங்கள் ஜெபா எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி என்றார். பேக்கிங் பெண்கள் வரிசையாகச் சுவரோரம் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைப் பிடுங்கிக்கொள்ளவும் வழியில்லை, வயர் கட்டியிருந்தது.

அவருக்கு வியர்த்துவிட்டது. சால்வையால் துடைத்துக்கொண்டார்.

"காலைல இந்தப் பிள்ளைய இத்தனை பேர் முன்னால திருடின்னு சொன்னேன்" என்றார். "அது எடுக்கல. பட்டைய எடுத்துட்டுப் போனது நான். மஞ்சளத் தடவிக் கெடுத்தது நான். தெரியாமப் பண்ணுனேன். ஆனா எதையும் பாக்காமப் பழி போட்டது தெரிஞ்சுதான் போட்டேன்."

ஜெபா ஸ்விட்சை அழுத்தினாள். நீலம் எரிந்தது, எண் ஓடி நின்றது. டாக்டரம்மா குனிந்து படித்தார்.

"காமாலை இல்ல" என்றார்.

ஜெபா முதலாளியின் கையிலிருந்து பட்டையைக் கழற்றி, உறையில் போட்டு, தன் பையில் வைத்துக்கொண்டாள். அதைக் கொடு என்று கேட்க ராஜரத்தினத்துக்கு வாய் வரவில்லை.